தட்டில் விழுந்த பொத்தான்

இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை, கண்ணுகளா. சேர்க்கிற உரிமை எனக்கு இருந்திருந்தால் முடிவைத்தான் முதலில் மாற்றியிருப்பேன். யாருக்கு நடந்ததோ அவளே என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். மணியை மட்டும் நிமிஷம் தப்பாமல் சொன்னாள். மற்றதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கதை கட்ட வந்தவள் என்றால் தன்னை இவ்வளவு கெட்டவளாகக் காட்டியிருக்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடந்ததில்லை. பட்டப்பகல், சாப்பாட்டு வேளை. விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் அடித்தளத்தில் சலவைக்கூடம். மேலே இருக்கிற கட்டில்களின் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் தள்ளுவண்டியில் கீழே வரும். வெந்நீரில் வெளுத்து, உலர்ந்து, மடிப்போடு மேலே போகும். ஜன்னல் கிடையாது. சுவர்கள் எந்நேரமும் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

அங்கே ஐந்து பேருக்கு வேலை. அதட்டுவதற்கு மேஸ்திரி. வெந்நீருக்குப் பாய்லர்காரர். கிழிசலைத் தைக்க ஒருத்தி. அவளை எல்லோரும் தையலக்கா என்பார்கள். இது அவள் கதை. துணி மடிக்க அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே குடை. ஐந்தாவது ஆள் தள்ளுவண்டிக்காரர். அவர் எதைப் பேசினாலும் ‘ஆனா’ என்றுதான் தொடங்குவார். இன்றைக்கு வெயில் கொளுத்துகிறது என்றால், ஆனா நேற்று இதைவிட மோசம் என்பார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றால், ஆனா ஆறிப்போய்விட்டது என்பார். அதனால் அவர் ஆனா அண்ணன். பதிவேட்டில் இருந்த பேரை யாரும் கூப்பிட்டதில்லை.

மதியம் 1:10க்கு மணி அடிக்கும். பாய்லர் அடங்கும். 1:50க்கு மறுபடி மணி. நடுவில் இருக்கிற நாற்பது நிமிஷத்தில் மற்ற இடங்களில் சீட்டாடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். இவர்களுக்குப் புதிர்ப் பைத்தியம். செவ்வாய்க்கிழமை வருகிற ஒரு வாரப் பத்திரிகையில் தலையைப் பிய்த்துக்கொள்கிற மாதிரி ஐந்து புதிர்கள் வரும். அவற்றை வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒரு சீட்டு.

விளையாட்டுதான். சட்டம் மட்டும் கோர்ட்டில்கூட அவ்வளவு கறாராக இருக்காது. எடுத்த சீட்டை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. மேசையைச் சுற்றி முறைப்படிதான் பேச வேண்டும். ஒரு முறைக்கு ஒரு கருத்து, காரணத்தோடு. சொன்னவர் தையலக்காவின் டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து நடுவில் உள்ள எவர்சில்வர் தட்டில் போடுவார். கடைசி ஆளான ஆனா அண்ணனும் போட்டுவிட்டால் விடை முடிந்தது. தப்பாகச் சொன்னவர் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். போட்ட பொத்தானைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்தான். அதற்கு ஐந்து பேரும் மேசையில் இருக்க வேண்டும்.

சரியான விடை அடுத்த இதழில் வரும். தையலக்காவோ நாத்தனாரோ, யார் முதலில் கூடத்துக்குள் நுழைகிறார்களோ அவர்கள் அதைப் பார்த்து, துணி எண்ணிக்கை எழுதுகிற கரும்பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். பத்திரிகையைப் பிறகு யாரும் புரட்டுவதில்லை.

ஆனா அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். கண்ணை மூடிக் கேட்பார். பத்துக்கு எட்டுத் தடவை அவர்தான் சரி. அதுதான் எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த புதிர் இது. மூன்று பேர். ஒருவன் உண்மை மட்டும் பேசுவான். ஒருவன் பொய் மட்டும். இன்னொருவன் இரண்டையும் கலந்து. சிவப்புச் சட்டைக்காரன் ‘நான் கலந்து பேசுகிறவன்’ என்கிறான். நீலச் சட்டைக்காரன் ‘அவன் சொல்வது சரி’ என்கிறான். பச்சைச் சட்டைக்காரன் ‘நான் கலந்து பேசுகிறவன் இல்லை’ என்கிறான். உண்மை பேசுகிறவன் யார்?

நீலம் என்றாள் தையலக்கா. மேஸ்திரியும் பாய்லர்காரரும் நாத்தனாரும் தலையாட்டினார்கள். ஆனா அண்ணன் பொத்தானைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆனா, நீலம் சொல்றது உண்மைன்னா சிவப்புதான் கலந்து பேசுறவன். அப்போ பச்சை பொய்யன். அந்தப் பொய்யன் ‘நான் கலந்து பேசுறவன் இல்ல’ங்கிறான். அது உண்மையாச்சே, தையலம்மா. பொய்யன் எப்படி உண்மை பேசுவான்?”

ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். யாரும் யோசிக்கத் தயாராயில்லை. தொட்டதற்கெல்லாம் ஆனா, இவருக்கு மட்டும்தான் மண்டைக்குள் சரக்கு இருக்கிறதா என்று தையலக்கா எரிந்து விழுந்தாள். நாலுக்கு ஒன்று, நீதான் தப்பு, எழுந்து நில் என்றார் மேஸ்திரி.

ஆனா அண்ணன் எழுந்தார். விடை வருகிறவரை நிற்பதாகச் சொன்னார். வீம்பு. அன்று மட்டுமில்லை, புதன், வியாழன் என்று வாரம் முழுக்க அந்த நாற்பது நிமிஷமும் சுவரோரமாக நின்றபடியே சாப்பிட்டார். காலையிலிருந்து வண்டி தள்ளிய கால்கள். முழங்கால் நடுங்குவது மேசையிலிருந்தே தெரியும். கால் வலித்தால் மூளை வேலை செய்யும் என்று பாய்லர்காரர் கிண்டல் அடித்தார். சிரித்தார்கள். தையலக்காவும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூடத்துக்குள் முதலில் நுழைந்தவள் தையலக்கா. நாத்தனார் பின்னாலேயே வந்து நேராக மடிக்கிற மேசைக்குப் போய்விட்டாள். தையலக்கா பத்திரிகையைப் பிரித்தாள்.

பச்சை.

ஆனா அண்ணன் சொன்னதுதான் சரி. அதே காரணம், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அச்சாகியிருந்தது. காலை 8:05. அவள் சாக்பீஸை எடுத்தாள். ‘நீலம்’ என்று எழுதினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து பாய்லர் அடுப்புக்குள் போட்டாள்.

ஏன் என்று நானும் கேட்டேன். ஒரே ஒரு நாள் அந்த வாயை மூட வேண்டும் போலிருந்தது என்றாள். அவ்வளவுதான்.

1:12க்கு ஆனா அண்ணன் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேஸ்திரி உரக்கப் படித்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். ஆனா அண்ணன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கத் தெரியாத மனிதர் எழுத்தைப் பார்ப்பது போல இல்லை அது. பிறகு “ஆனா…” என்றார். மேலே ஒன்றும் வரவில்லை. மணி அடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை வரவில்லை. வியாழனும் இல்லை. ஒருவரும் விசாரிக்கவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறார், தானாக வருவார் என்றார்கள். வண்டியை ஆளுக்கொரு நடை தள்ளி, ஆளுக்கொரு வசவு அவருக்குக் கொடுத்தார்கள்.

இனி வெள்ளிக்கிழமை. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1:10. மணி அடித்தது. பாய்லர் அடங்கியது. நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது நாற்காலி சும்மா இருந்தது. நாத்தனார் டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்தாள்.

அச்சடித்த சீட்டு இல்லை. விரிப்பு மூட்டைகளில் கட்டுகிற பழுப்பு அட்டை. அதில் பென்சில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் படம் வரைந்த மாதிரி, தனித்தனியாக, அழுத்தி… சில இடத்தில் அட்டை கிழிந்தே போயிருந்தது.

நாத்தனார் வாசித்தாள்.

‘ஐந்து பேர். நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவன் நின்றான். நின்றவன் சொன்னது சரி. அது சரி என்று நாலு பேரில் ஒருவருக்குத் தெரியும். அவருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டாம். அவர் வண்டி ஓட்டி வருகிறவர் இல்லை. அன்று அவர் விரலில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. யார் அவர்? விடையாகச் சொல்லப்பட்டவர் இனி நிற்கட்டும்.’

மேஸ்திரி பாய்லர்காரரை முறைத்தார். இது உன் வேலை என்றார். பாய்லர்காரர், தன் கையெழுத்தைப் பார்த்து மூணு வருஷம் ஆகிறது, கண்ணாடி இல்லாமல் பேனா எது குச்சி எது என்றே தெரியாது என்றார். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுந்திருக்கிறவர்தான் அந்த ஆள் என்று ஆகிவிடும்.

1:17. வெளியே நடையில் சத்தம்.

கிறீச்… டக். கிறீச்… டக்.

தள்ளுவண்டியின் தேய்ந்த சக்கரம். அது அந்த மாதிரிதான் கத்தும். யாரோ மேலேயிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தார்கள். பாய்லர்காரர்தான் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

வண்டி உள்ளேதான் நின்றது. மூலையில். விரிப்பு அடுக்கியபடி.

நடையில் சத்தம் கதவுவரை வந்தது. நின்றது.

“சீக்கிரம் முடிங்க” என்றார் மேஸ்திரி. அவர் குரல் அவருடையது மாதிரி இல்லை. முதல் முறை அவருடையது. கண்ணாடி வேண்டாதவர் என்பதால் பாய்லர்காரர் இல்லை என்றார். பொத்தான் போட்டார். டிங்.

பாய்லர்காரர் முறை. வண்டி ஓட்டி வராதவர் என்பதால் ஸ்கூட்டரில் வருகிற மேஸ்திரி இல்லை என்றார். டிங்.

இரண்டு ஆண்களும் தப்பித்தாயிற்று. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்களையும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் சேர்ந்து சாப்பிட்டவர்கள் பார்க்கிற பார்வை இல்லை அது. சந்தையில் எதை எடுப்பது என்று பார்க்கிற பார்வை.

1:31. நாத்தனார் முறை.

அவளுக்குத் தெரியும். செவ்வாயன்று தான் சாக்பீஸைத் தொடவில்லை என்று தெரிந்தால், தொட்டது யார் என்றும் தெரியும்தானே. அவள் அண்ணியைப் பார்த்தாள். அட்டையின் கடைசி வரியைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தோணல. என்னை விட்டுடுங்க.”

பொத்தான் போடவில்லை.

1:34. தையலக்கா முறை.

இந்த இடம்தான், கண்ணுகளா. நான்தான் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது என்றாள். அப்போது கதவுப் பக்கம் யாரோ கால் மாற்றி நிற்கிற சத்தம். வலிக்கிற காலை ஆற்றிக்கொண்டு மற்றக் காலில் நிற்பார்களே… அந்தச் சத்தம்.

அவள் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பலகைல எழுதினது இவதான்” என்றாள்.

நாத்தனாரைக் காட்டினாள்.

காரணம் கேட்டார் மேஸ்திரி. அன்றைக்கு முதலில் உள்ளே வந்தது இவள் என்றாள். பொத்தானைப் போட்டாள்.

டிங்.

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடுத்த முறை யாருடையது?

எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பழக்கம். இத்தனை வருஷப் பழக்கம். இந்த இடத்தில் ஒரு ‘ஆனா’ வரும். வர வேண்டும். தையலக்காவே அதற்காகக் காத்திருந்தாள். வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் ஒருவர்தான் இதைத் தப்பு என்று சொல்வார்.

1:38.

1:39.

குழாயில் நீர் சொட்டியது.

1:41.

நாற்காலி… கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

‘ஆனா’ வரவில்லை.

டிங்.

தட்டில் மூன்று பொத்தான்தான் போட்டிருந்தார்கள்.

நான்கு இருந்தது.

நாத்தனார் எழுந்து நின்றாள்.

“நான் எந்திரிக்கல அண்ணி” என்றாள். “காலு… தானா…”

1:50க்கு மணி அடித்தது. பாய்லர் பிடித்துக்கொண்டது. வெளிச்சம், சத்தம், ஆவி எல்லாம் திரும்பி வந்தன. நடையில் யாரும் இல்லை. நாத்தனாரை உட்கார வைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. முழங்கால் இரண்டும் உலக்கை மாதிரி. தோளை அழுத்தினார் மேஸ்திரி. அவள் வலியில் துடித்தாள். மாடியில்தானே ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு போனார்கள். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது, நரம்பு நன்றாக இருந்தது. அவளால் நடக்க முடியும். படுக்க முடியும். உட்கார மட்டும் முடியாது.

அன்று சாயங்காலம் பஸ் காலியாக இருந்தது. அவ்வளவு இருக்கைக்கு நடுவில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையலக்காவும் கூடவே நின்றாள். இறங்குகிற இடம் வரும்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

“ஏன் அண்ணி?”

தையலக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை, நீலம், கிழித்த பக்கம், எல்லாம். ஆனா அண்ணன் எங்கேயோ ஒளிந்துகொண்டு ஆள் வைத்து எழுதி, விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் அப்போதும் நம்பினாள். நம்பாவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. ஐந்து பேரும் மேசையில் இருந்தால் போட்ட பொத்தானைத் திரும்ப எடுக்கலாமே. அவர் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வருகிறேன், நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நீ உட்கார்ந்துவிடுவாய் என்றாள். நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று அவள் நின்றபடியே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை 9:40. ஆனா அண்ணன் குடியிருந்தது ஒரு டயர்க் கடைக்கு மேலே, வரிசையாக இருக்கிற அறைகளில் கடைசி அறை. உள்ளே தாழ்ப்பாள். தட்டினாள். நீங்கள் சொன்னதுதான் சரி, பச்சைதான் சரி, வெளியே வாருங்கள் அண்ணே என்று கதவில் வாயை வைத்துச் சொன்னாள். பதில் இல்லை. வீட்டுக்காரம்மா வந்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்தது. போலீஸ் வந்து 10:25க்குக் கதவை உடைத்தார்கள்.

அவர் மூலையில் இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு. நெற்றி சுவரில் சாய்ந்திருந்தது.

நின்றுகொண்டிருந்தார்.

கூட வந்த டாக்டர், புதன்கிழமை விடியற்காலையே உயிர் போயிருக்கிறது என்றார். முழங்காலை மடக்கப் பார்த்தார்கள், மடங்கவில்லை. இத்தனை நாள் கழித்து இப்படி இருக்கக் கூடாது என்று அந்த டாக்டரே முணுமுணுத்தார். பலகையைச் சாய்ப்பது போல அப்படியே சாய்த்து எடுத்துப் போனார்கள்.

மேசையில் இனி ஐந்து பேர் உட்கார மாட்டார்கள்.

தையலக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். புதன்கிழமை என்று அந்த டாக்டர் எப்படிச் சொல்கிறார், எனக்குப் புரியவில்லை என்றாள். நேற்று மத்தியானம்கூட அந்த அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டதாம். ஒன்று, ஒன்றேகால் இருக்குமாம். நாலைந்து பேர் மாறி மாறிப் பேசினார்களாம். நடுநடுவே தட்டில் ஏதோ விழுகிற சத்தம். ஒருநாளும் ஆள் வராத மனிதருக்கு விருந்தாளி வந்திருக்கிறார்களே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டாளாம்.

“கடைசியா ஒரு பொம்பளக் குரல் ‘இவதான்’னு சொல்லுச்சு” என்றாள் வீட்டுக்காரம்மா. “அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவரு சிரிச்சாரு. ஒம்பது வருஷமா இங்க இருக்காரு, அவரு சிரிச்சு நான் கேட்டதே இல்லம்மா. சிரிச்சுட்டு ‘சரி’ன்னாரு.”

பேச்சை நிறுத்தி, தையலக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டாள்.

“இப்போ கதவுகிட்ட கூப்பிட்டீங்களே… அந்தக் குரல்தான் அது.”

தையலக்கா வீட்டுக்கு நடந்தே போனாள். போய்ச் சேர்ந்தபோது மணி 1:10. தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. நாத்தனார் காலையிலிருந்து கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

“ஆனா அண்ணன் என்ன சொன்னாரு, அண்ணி?” என்றாள்.